அப்பா தலையாட்டிய மத்தியானம்

போன வாரம், சின்னவளின் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் உள்ளே நுழைந்ததோடு நிறுத்தியிருந்தேன். பாவம், மனிதர் ஒரு வாரமாக அந்தக் கதவைப் பிடித்தபடியே நிற்கிறார். உள்ளே விட்டுவிடலாம்.

அதற்கு முன், இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சின்னவளுக்குத் தொழில் காது மெஷின் பொருத்துவது. மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் சின்னதாக ஒரு கடை. முன்னால் கண்ணாடிக் கவுண்டர், பின்னால் சத்தம் நுழையாத ஓர் அறை. அவளுடைய முதல் வாடிக்கையாளர் அப்பாதான். அவர் அச்சகம் வைத்திருந்தவர். அச்சு இயந்திரத்தின் இரைச்சலிலேயே ஆயுளைக் கழித்ததில் இரண்டு காதும் போய்விட்டன.

கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே, ஊரிலுள்ள பிரார்த்தனைக் கூடங்களுக்கெல்லாம் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தவர் அவர். பிழை பார்க்க வரிவரியாகப் படித்ததில், கும்பிடுகிறவர்களைவிட அவருக்குத்தான் அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். “நம்பாதவன் பார்த்தாதான் பிழை இருக்காது. நம்பறவன் கண்ணை மூடிக்குவான்” என்பார்.

காது மெஷினைக் கழற்றிவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். எதிரில் நிற்பவரின் வாய் அசைந்து நின்றதும், லேசாகச் சிரித்து, இரண்டு தடவை தலையாட்டுவார். வீட்டில் அதற்குப் பெயரே ‘அப்பாவோட ஆமா.’ அந்த ஆமாவால் ஒருமுறை முடிதிருத்துகிறவரிடம் மீசையைப் பறிகொடுத்தார். வாசலுக்கு வந்த விற்பனைக்காரனிடம் தலையாட்டி, ஒரே மாதிரி இரண்டு மின்விசிறி வாங்கி வைத்தார். “இந்த உடுப்புல நான் கிழவி மாதிரி இருக்கேனா?” என்று அம்மா கேட்டதற்கும் ஆட்டியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைக்க வெகு நேரமானது.

அந்த ஆமாதான் இப்போது இந்தக் குடும்பத்தைப் பிடித்து ஆட்டுகிறது.

அப்பாவின் கடைசி நாளன்று, காய்ச்சலில் வியர்த்து வியர்த்து, காது மெஷினுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. காலையில், அக்காவின் புருஷனான அத்தான்தான் அதைச் சின்னவளின் கடையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைப் பிரித்துக் காயப்போட்டாள். சாயங்காலம் தானே எடுத்து வருவதாகச் சொல்லி அனுப்பினாள். மத்தியானம், அக்கா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, இப்போதாவது கடவுளை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். அப்பா லேசாகச் சிரித்து இரண்டு தடவை தலையாட்டினார்.

அக்கா ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. அந்த ஆமாவோடு வளர்ந்தவள். அப்பாவின் கம்பளிக் குல்லா காதை மூடியிருந்ததால், கேட்பதற்கு முன்பே, காதில் மெஷின் இருக்கிறதா என்று புருஷனிடம் விசாரித்துக்கொண்டாள். “இருக்கு, நான்தான் மாட்டிவிட்டேன்” என்றார் அத்தான்.

சின்னவள் மெஷினோடு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. இருந்தாலும் அதை அவர் காதில் பொருத்தி, “அப்பா” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தலை அசையவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் இத்தனை வாரமாகப் படித்து வருகிறீர்கள். நாத்திகர் மனம் மாறிவிட்டார் என்று கூடத்தில் பேச்சு. பிரார்த்தனையே வேண்டாம் என்று சொல்லியிருந்த மனிதரைப் பிரார்த்தனையோடு வழியனுப்பினார்கள். ‘ஒரு நாத்திகரின் கடைசி ஆமா’ என்று துண்டுப் பிரசுரம் வந்தது. அதையும் அடித்தது எங்கே? அப்பாவின் அச்சகத்தில், அப்பா எண்ணெய் விட்டுக் காப்பாற்றிய அதே இயந்திரத்தில். அச்சகத்தை இப்போது பார்த்துக்கொள்வது அக்காவும் அத்தானும்தான்.

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் அம்மா அழாமல் அமைதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அந்த அமைதிக்குக் காரணம் அந்த ஆமாதான் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். இன்னும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, அத்தான் உள்ளே வரட்டும்.

அவருக்கு வெண்கலத் தொண்டை. ‘ஒலிபெருக்கி’ என்று அப்பா வைத்த பெயர் வீட்டோடு நிலைத்துவிட்டது. அவர் வருகிற சத்தம் கேட்டாலே அப்பா மெஷினின் ஒலியைக் குறைத்துக்கொள்வார். ஆனால் இன்று அத்தான் பூனை மாதிரி வந்தார். கவுண்டரில் இருந்த பெரியவர் பேட்டரி வாங்கிக்கொண்டு போகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குடும்ப நலன் எல்லாம் விசாரித்தார்.

விஷயம் இதுதான். இன்று சாயங்காலம் கூடத்தின் தலைமைப் பேச்சாளராக அவர் பொறுப்பேற்கிறார். அந்தச் சமயத்தில் அப்பாவின் காது மெஷினை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு, கூடத்தின் வாசலில் வைக்கப் போகிறார்கள். கடைசி நிமிடத்தில் கடவுளின் பெயரைக் கேட்ட மெஷின் என்று கீழே எழுதியும் வைப்பார்களாம். பெட்டி தயார். மெஷின்தான் பாக்கி. அது சின்னவளின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

“அது எதையும் கேக்கல அத்தான். உங்களுக்கே தெரியும்.”

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடச் சின்னவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

“தெரியும்” என்றார். “உனக்கும் தெரியும். ஆனா நீ சொல்ல மாட்டே.”

ஏன் சொல்ல மாட்டாள் என்பதையும் அவரே சாவகாசமாக விளக்கினார். அத்தை (சின்னவளின் அம்மாவைத்தான் சொல்கிறார்) அந்த ஒரு ஆமாவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறார்கள். மேலே போனால் மாமாவைப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறார்கள். அதைப் பிடுங்க சின்னவளுக்கு மனசு வராது. அன்றைக்கு அக்கா அழுத அழுகையைச் சின்னவள் பார்க்கவில்லை. அவளுக்காகத்தான் அந்த ஒரு வார்த்தை சொன்னார். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

“நம்பாதவதானே நீ. ஒரு பொய்யால உனக்கென்ன நஷ்டம், சொல்லு.”

சின்னவளிடம் பதில் இருந்தது. அதை இந்த ஒற்றை நாற்காலிக்கு முன்னால் வீணாக்க அவள் விரும்பவில்லை.

நம்புகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒருவன் அநியாயம் செய்தால், மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். சின்னவளுக்கு மேலே யாரும் இல்லை. அப்பா எங்கேயோ இருந்து இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அப்பா இல்லை, அவ்வளவுதான். மிச்சம் இருந்தது அவருடைய பெயர் ஒன்று. அதையும் இந்த மனிதர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தண்டனை என்று ஒன்று உண்டென்றால், அதை இங்கேயே, சின்னவள் கையாலேயே கொடுத்தாக வேண்டும்.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு மெஷினையும் துணியால் துடைத்தாள். பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிது போட்டாள். உள்ளங்கையில் வைத்துப் பொத்தினாள். இரண்டும் கீச்சென்று விசிலடித்தன. உயிருள்ள காது மெஷினைக் கைக்குள் பொத்தினால் அது அப்படித்தான் கத்தும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் தொழிலில் இருக்கிற மிகச் சுலபமான வழி. சிறு டப்பாவில் போட்டு அத்தானிடம் நீட்டினாள்.

“இன்னைக்கு நானும் கூடத்துக்குள்ள வர்றேன் அத்தான்.”

அத்தானின் முகம் மலர்ந்தது. அப்பாவைத் தொடர்ந்து மகளும் வழிக்கு வருகிறாள் என்று அடுத்த பிரசுரத்துக்கு அவர் மனசுக்குள் தலைப்பே போட்டிருப்பார். வெளியே போனதும் அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. தெருக்கோடிவரை கேட்டது.

சின்னவளின் திட்டம் ரொம்ப எளிது. அவர் மேடையில் நிற்க வேண்டும். மெஷினைத் தூக்கிக் காட்ட வேண்டும். கூட்டம் முழுக்கப் பார்க்க வேண்டும். அப்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: அன்றைக்குக் காலையில் இதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் அத்தான்?

தடையாக இருந்தது அம்மா ஒருத்திதான்.

மத்தியானமே கடையை மூடிவிட்டு அம்மாவை அழைத்துப்போக வந்தாள். அம்மா கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பாவின் பெரிய கறுப்புக் குடை தயாராக இருந்தது. மழை வருகிற மாதிரி இல்லை. ஆனாலும் அந்தக் குடை இல்லாமல் அம்மா கூடத்துக்குப் போக மாட்டாள்.

அதற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். வாராவாரம் அப்பா அவளைக் கூடத்தின் வாசல்வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே வா என்று அவள் கூப்பிட மாட்டாள். உள்ளே என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவர் கேட்க மாட்டார். வாசலுக்கு எதிரே ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, அச்சுக்குப் போகவேண்டிய தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பார். அவள் வெளியே வந்ததும் குடையை விரித்துக்கொண்டு எழுந்திருப்பார். நம்பிக்கை வேறு, ஆசை வேறு என்று இத்தனை சுலபமாகக் குடும்பம் நடத்தியவர்களைச் சின்னவள் வேறெங்கும் பார்த்ததில்லை. ராத்திரி மெஷினைக் கழற்றிய பிறகும் அவர்களுக்குள் பேச்சு நிற்காது. அம்மா அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். அவர் அவள் கையில் பதில் எழுதுவார். கலகலவென்று சிரிப்புச் சத்தம் மட்டும் அறைக்கு வெளியே கேட்கும்.

சின்னவள் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தாள். அச்சகம், வீட்டு ரிப்பேர், அம்மாவின் முழங்கால் வலி என்று எதையெதையோ தொட்டுவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

“ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோம்மா. அப்பா அன்னைக்கு ஆமான்னு சொல்லலைன்னா உனக்கு எப்படி இருக்கும்?”

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். கண்ணாடி வழியாகவே மகளைப் பார்த்தாள்.

“சொல்லாத மனுஷனோடதானே இத்தனை வருஷம் இருந்தேன். ஒரு குறையும் தெரியலையே.”

அவ்வளவுதான். மெஷினை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாயா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றாள் சின்னவள். அம்மா கொஞ்ச நேரம் குடையின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நீயும் உள்ளே வருகிறாயாமே, மாப்பிள்ளை போனில் சொன்னார் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

சின்னவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். பழிவாங்கக் கிளம்பியவர்களுக்கு எல்லாமே சம்மதமாகத்தான் தெரியும்.

கூடம் நிரம்பி வழிந்தது. வெள்ளைச் சுவர்கள், நீள நீளமான பெஞ்சுகள், முன்னால் இரண்டு படி உயரத்தில் மேடை. வாசலருகே ஒரு மேஜையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நீல வெல்வெட் துணி, நடுவில் இரண்டு சின்னப் பள்ளங்கள். பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அக்கா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டி” என்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எப்படிக் குனிந்தாள், எப்படிக் கேட்டாள், அப்பா எப்படிச் சிரித்தார். சொல்லும்போது அவளை அறியாமல் அவள் தலையும் அப்பாவைப் போலவே இரண்டு தடவை ஆடியது. அந்த முகத்தில் இருந்த நிறைவைச் சின்னவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்வரிசைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அத்தான் பேசத் தொடங்கினார். அவருக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் இருந்தது. மாமனாரின் பிடிவாதம், அவர் அச்சடித்த பிரசுரங்கள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே வராமலே போன வருஷங்கள் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு டப்பாவைத் திறந்து, இரண்டு மெஷினையும் எடுத்து, கையை உயர்த்தி விரல்களை மூடினார்.

மெஷின்கள் கீச்சென்று விசிலடித்தன. மைக் அந்தச் சத்தத்தை வாங்கிக் கூடம் முழுக்கத் தூவியது.

அத்தான் ஒரு கணம் திகைத்தார். ஆனால் மேடைப் பேச்சாளர் அல்லவா, சுதாரித்துக்கொண்டார். “கேளுங்கள், இன்னமும் அது பாடுகிறது” என்றார். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். அக்கா கைகளைக் கூப்பியபடி அழுதாள். புது பேட்டரி இப்படியொரு அற்புதம் செய்யும் என்று சின்னவளே எதிர்பார்க்கவில்லை. ஒரு விநாடி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் பெஞ்சிலிருந்து உருண்டிருப்பார்.

கைதட்டலில் அத்தானுக்குப் போதை ஏறிவிட்டது. அளவோடு நிறுத்தியிருக்கலாம், அவரால் முடியவில்லை.

“அந்தக் கடைசி நிமிடத்தில் அவர் கண்களைப் பார்த்தேன். தம் வாழ்க்கை முழுதும் வீணாகிவிட்டதே என்று அந்தக் கண்கள் சொல்லின” என்றார்.

சின்னவள் எழுந்திருக்கப் போனாள். அவள் முழங்காலில் ஒரு கை அழுந்தியது. அம்மாவின் கை. மேடையிலிருந்து அத்தான் அதே நேரத்தில், இந்த மெஷினைப் பெட்டியில் வைக்க அத்தை வரவேண்டும் என்று அழைத்தார். அம்மா குடையை மகளின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். வலிக்கிற காலோடு இரண்டு படியையும் ஏறி, மெஷின்களை வாங்கிக்கொண்டாள். மைக்கின் முன்னால் நின்றாள்.

“மாப்பிள்ளை நல்லாப் பேசறார். எனக்கு அவ்வளவு வராது” என்றாள். “அன்னைக்குக் காலையில இந்த மெஷினை டப்பாவுல போட்டு, ரிப்பேருக்குக் கொண்டுபோய்க் குடுங்கன்னு மாப்பிள்ளை கையில குடுத்தவ நான். மத்தியானம் அவருக்குக் குளிருதுன்னு குல்லாவை இழுத்து மாட்டிவிட்டவளும் நான்தான். காது ரெண்டும் காலியாத்தான் இருந்துச்சு.”

அம்மா மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“பெரியவளுக்கு அழுகை நின்னுச்சேன்னு பேசாம இருந்துட்டேன். ஆனா அவர் வாழ்க்கை வீண்னு சொன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. அந்த வாழ்க்கையிலதான் நானும் இருந்தேன். நான் கும்பிடற கடவுள், காது கேக்காத மனுஷன்கிட்ட திருட்டுத்தனமா ஆமா வாங்கற கடவுள் இல்லை.”

அத்தான் அவசரமாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அத்தைக்குத் துக்கத்தில் ஞாபகம் தப்புகிறது, வயசாகிவிட்டது, நாம் எல்லோரும் அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம் என்றார். வெண்கலம் கொஞ்சம் உடைந்திருந்தது.

சின்னவள் எழுந்தாள். அம்மா சொன்னது உண்மை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் இந்த நிமிடத்துக்காக அத்தனை நாள் பட்டினி கிடந்தவள். ஒரு வாயோடு எழுந்துவிட மனம் வரவில்லை.

“அம்மாவுக்கு ஞாபகம் நல்லாவே இருக்கு. அன்னைக்குக் காலையில நீங்கதான் கொண்டுவந்து என் கையில குடுத்தீங்க அத்தான். சாயங்காலம்வரைக்கும் அது என் மேஜையில பிரிச்சுக் கிடந்துச்சு. அது உங்களுக்கும் தெரியும். இன்னைக்குக் காலையிலகூட என் கடையில உட்கார்ந்து, தெரியும்னு சொன்னீங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்னும் சொன்னீங்க.”

அத்தான் வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கி நின்றுபோனதை முதல்முறையாகச் சின்னவள் பார்த்தாள். கூட்டத்தின் அத்தனை கண்ணும் அவர்மேல் இருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, அவர் பக்கம் திரும்பாமலே வெளியே நடந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். சின்னவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வெட்கமே இல்லாத சந்தோஷம். மன்னிப்பதுதான் பெரிய இன்பம் என்று எழுதுகிறவர்கள் யாரும் ஒழுங்காகப் பழிவாங்கிப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் அக்கா வாசலிலிருந்து நடந்து வந்தாள். மேடைக்குக் கீழே நின்று புருஷனைப் பார்த்தாள்.

“மெஷின் இருக்கான்னு உங்களைக் கேட்டேனே” என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். அக்கா திரும்பி வெளியே போய்விட்டாள். சின்னவள் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். வெற்றிச் செய்தியை அக்காவிடமும் சொல்லி, அவளையும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிற அவசரம்.

அக்கா அப்பாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். உட்காரவில்லை.

“உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“அன்னைக்கே தெரியும்.”

அக்கா தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு, தான் அந்தக் கதையை எங்கெல்லாம் சொன்னாள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினாள். அச்சகத்துக்கு வந்தவர்களிடம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம். சின்னவளின் கடையிலேயே, காது சோதனைக்குக் காத்திருந்த பெண்களிடம். அப்போது கவுண்டருக்குப் பின்னால் நின்று சின்னவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“அம்மாவுக்காகத்தான் சொல்லலை” என்றாள் சின்னவள்.

“அம்மாகிட்ட மறைச்சே, சரி. என்கிட்ட ஏன்டி மறைச்சே? தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தப் பிரசுரத்தையே அடிச்சிருக்க மாட்டேனே. அவர் என் அழுகையை நிறுத்தறதுக்காகப் பொய் சொன்னார். நீ கூட்டம் சேரட்டும்னு காத்துக்கிட்டிருந்தே.”

சின்னவள் குடையின் பொத்தானைப் போட்டுக் கழற்றினாள்.

“அப்பா கடவுளை ஏத்துக்கலைங்கறது எனக்குப் பெரிசில்லை” என்றாள் அக்கா. “அவர் என்னோட பேசின கடைசிப் பேச்சு அதுன்னு நினைச்சுட்டிருந்தேன். நான் கேட்டதே அவருக்குக் கேக்கலை.”

அவள் புருஷனின் வண்டி நின்ற பக்கம் போகவில்லை. அம்மாவின் வீட்டுப் பக்கமும் போகவில்லை. தெருவில் நேராக இறங்கி வேகமாக நடந்தாள். அச்சகம் இருக்கிற திசை அது.

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காது மெஷின் இரண்டையும் மகளின் கையில் வைத்தாள்.

“உனக்கு இப்ப நிம்மதியா இருக்கா?”

சின்னவள் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. அத்தானின் முகத்தை நினைத்தால் இன்னமும் இனிக்கிறது, அக்காவின் முகத்தை நினைத்தால் முடியவில்லை என்றாள்.

அம்மா தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். அன்றைக்குத் தலையாட்டியதைப் பார்த்துவிட்டுப் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடியதும், வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட தான் அறைக்குள் போனாளாம். அப்பா அவள் கையை இழுத்து, உள்ளங்கையில் எழுதினாராம்.

“என்ன எழுதினார்?”

“பெரியவ என்ன கேட்டான்னு எழுதினார்.”

“நீ சொன்னியா?”

“சொன்னேன். எழுத்து எழுத்தா அவர் கையில எழுதினேன். படிச்சுட்டு யோசிச்சார். அப்புறம் பதில் எழுதினார்.”

“அது என்னம்மா?”

அம்மா எழுந்தாள். மகளிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு கடுமையாகப் பார்த்துச் சின்னவள் கண்டதில்லை.

“கேட்டவ பெரியவ. பதிலும் அவளுக்குத்தான். மாப்பிள்ளையோட பொய் ஓயட்டும், அப்புறம் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இன்னைக்கு ஓஞ்சுடுச்சு. நீ போய் அவளைக் கூட்டிட்டு வா. வந்தா, அவ பக்கத்துல நின்னு நீயும் கேட்டுக்கோ. அவ வரலைன்னா அது என்னோடயே போகட்டும்.”

அம்மா குடையை விரித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். மழை இல்லை.

சின்னவள் எழுந்து, அக்கா போன தெருவைப் பார்த்தாள். அச்சகத்தில் விளக்கு எரிவது அங்கிருந்தே தெரிந்தது. அவளை அறியாமல் விரல்கள் இறுகின. கைக்குள் அப்பாவின் மெஷின்கள் கத்த ஆரம்பித்தன.